மிஷினே சுருக்கிக்கிடும்

— ரெண்டையும் சேத்துப் போட்டா என்னம்மா? ஸ்கேன் படத்த டேப்புல ஏத்துறப்ப மிஷினும் சுருக்கட்டும், சாப்ட்வேரும் சுருக்கட்டும். டேப்பு மிச்சமாகும்ல?

— பிழிஞ்ச துணிய மறுபடி பிழிஞ்சா தண்ணி வருமா மாமா? கைதான் வலிக்கும். ஒருக்கா சுருக்குனா அம்புட்டுத்தான். ரெண்டாந்தரம் சுருக்கப் போனா சில நேரம் முன்னைக்குக் கொஞ்சம் ஊதிக்கூடப் போகும்.

— கேளும்மா சுஹா. இந்த ஹசன் அலிக்கு ஸ்கேன் மிஷினு வாங்கத் தெரியும், டாக்டரக் கூட்டியாரத் தெரியும். இந்தச் சுருக்குற வேலையெல்லாம் நமக்கு எட்டாது. ஒண்ணுதான்னா, பழையபடி சாப்ட்வேரே இருக்கட்டும். ஓடுதுல்ல?

— ஓடுதா? உள்ள வந்து பாத்தீகளா? படத்தச் சுருக்கிச் சுருக்கி சர்வருக்கு மூச்சு வாங்குது. அது குடுக்குற வரைக்கும் டேப்பு நிக்குது, பின்னால போகுது, மறுபடி முன்னால வருது. தொண்டி பஸ்ஸு ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ரிவர்ஸ் எடுத்தாப்புல. இப்படி ஓட்டுனா டேப்பு தேஞ்சுபோயிரும். நான் சொல்ற புது மிஷின்ல, அதான் டேப்பு டிரைவுல, சுருக்குற சில்லு உள்ளேயே இருக்கு. வர்ற படத்த வர்ற வேகத்துலயே சுருக்கி எழுதிக்கிடும்.

— அந்த டிரைவே ரிப்பேராப் போச்சுன்னா? இந்த உப்புக்காத்துல ஹார்டு டிஸ்கெல்லாம் மவுத்தாப் போயித்தான டேப்புக்கே வந்தோம்?

— அதே ரகத்துல வேற டிரைவு எங்கன இருந்தாலும் படிச்சிரும். மதுரையில இருக்கு, ராம்நாட்டுலயும் இருக்கு. சாப்ட்வேர்ல சுருக்குனா அப்படி இல்ல. அந்தச் சாப்ட்வேரும் வேணும், பாஸ்வேர்டும் வேணும், நானும் வேணும்.

— நீ எங்கம்மா போகப் போற?

— தெரியாத மாதிரி கேக்காதீக மாமா. தோஹாவுக்குத்தான். ஒங்க மகன்கிட்ட. நிக்காஹ் முடிஞ்சு லீவு தீந்ததும் போனவுகதான்.

— போவ, போவ. இன்ஷா அல்லாஹ்.

— இந்த இன்ஷா அல்லாஹ்வ மூணு நோன்பாக் கேட்டுட்டேன் மாமா. நான் போனா டேப்ப யாரு பாக்குறதுன்னுதான சாக்கு? இந்த டிரைவு வந்தா அந்தச் சாக்கும் போச்சு.

— அக்கா! உள்ள வரலாமா?

— வா உமா. வெளிய யாரு?

— உத்தரகோசமங்கைலருந்து ஒரு அய்யா வந்திருக்காரு, வயித்து ஸ்கேனுக்கு. வெறும் வயித்தோட உக்காந்து எல்லாரையும் வஞ்சுக்கிட்டிருக்காரு. அப்பறம் மதுரை கம்பெனிக்காரரு லைன்ல இருக்காரு. மிஷின் சுருக்குறதா, சாப்ட்வேரா, இப்பவே சொல்லணுமாம்.

— சொல்றோம். அதுக்கு முன்ன மாமாகிட்ட நீயே சொல்லு. மிஷின்னா நீ என்ன செய்வ?

— டேப்ப உள்ள தள்ளுவேன், பட்டன அமுக்குவேன். வெளிய வந்ததும் வெள்ளிக்கிழம ராம்நாட்டு பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டுருவேன். அன்னிக்கு மதுரைக்காரரு கொண்டாந்து காட்டுனப்ப நான்தான, மொதலாளி, டேப்புல எழுதினேன்?

— சாப்ட்வேர்னா?

— ஆத்தாடி, அது நம்மால ஆகாது. எங்க ஊரு கடலாடிக்கே பஸ் ஏறிருவேன்.

— கேட்டுக்கிட்டீகளா மாமா? உமா, அவர லைன்லயே இருக்கச் சொல்லு, இந்தா வந்துட்டேன்.

— அப்ப பழைய டேப்பு? வாரா வாரம் பஸ்ல போனதெல்லாம் ராம்நாட்டுல நம்ம தாஜுன்னிசா வீட்டு பீரோ பூரா அடுக்கி வச்சிருக்கே?

— எல்லாத்தையும் கொண்டாந்து படிச்சு, புது டிரைவுல திருப்பி எழுதிட்டுத்தான் கெளம்புவேன். ஒரு படம் விட்டுப் போகாது.

— வேணாம்மா. சாப்ட்வேரே இருக்கட்டும்.

— காரணம் சொல்லுங்க மாமா.

— கேளும்மா... பத்திரம்னு ஒண்ணு இருக்குல்ல? மிஷின்ல சுருக்குனா டேப்பக் கையில வச்சிருக்கவன் எவனும் படிச்சிருவான். அம்ரீன்ல சுருக்குனா ஒருத்தனும் தொட முடியாது.

— எதுல சுருக்குனா?

— அம்ரீன். அந்தச் சாப்ட்வேரு.

— அது சாப்ட்வேரு பேரு இல்ல மாமா.

— என்னமோ ஒண்ணு. எனக்கென்ன தெரியும்.

— அது பாஸ்வேர்டு. ஒங்ககிட்ட யாரு சொன்னா?

— நீதான் எப்பவாச்சும்...

— நான் சொல்லல. உமாவுக்கே தெரியாது. எங்களுக்குப் பொட்டப்புள்ள பொறந்தா வைக்கணும்னு நானும் ஒங்க மகனும் பேசி வச்ச பேரு அது. எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது.

— யா ரப்பே.

— சாப்ட்வேரே போடுங்கன்னு அவுகதான் சொன்னாகளா?

— தண்ணி குடிக்கிறியாம்மா?

— வேணாம். சொல்லுங்க.

— போன்ல சொன்னான். ‘டிரைவ மாத்துனா மாத்துங்க அத்தா, சுருக்குறத மட்டும் மாத்த விட்டுராதீக. அம்ரீன் அவ கையில இருக்குற வரைக்கும் அவ கெளம்ப முடியாது’ன்னான். சத்தியமா நான் அது சாப்ட்வேரு பேருன்னுதான் நெனச்சேன்.

— அத்தாதான் விடமாட்டேங்குறாகன்னு என்கிட்ட சொன்னாக.

— ‘அப்படித்தான் அவகிட்ட சொல்லப் போறேன், நீங்களும் பிடிவாதமா நிண்டுக்கங்க’ன்னான். பழி என் தலையோட போகட்டும்னு இருந்துட்டேன்.

— அப்ப விசா பேப்பரு?

— போடவே இல்லம்மா.

— ஏன்?

— கேட்டேன். ‘இங்கன இப்ப எடமில்ல அத்தா’ன்னான்.

— எடமில்லன்னா? ரூம்லயா?

— அதுக்கு மேல கேட்டேன். போன வச்சுட்டான். திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வரல.

— எனக்கும் இனி வராது.

— கொஞ்ச நாளைக்கு ஒங்க அத்தா வீட்டுல போயி இருந்துட்டு வாரியா? நானே கொண்டாந்து விடுறேன்.

— அத்தா மவுத்தான அன்னைக்கே அது அண்ணி வீடாயிருச்சு மாமா. போன பெருநாளைக்குப் போயிருந்தேன். எப்ப கெளம்புறன்னுதான் மொதல்ல கேட்டாக. அங்கனயும் எடமில்ல.

— அக்கா, அவரு இன்னும் லைன்லதான் இருக்காரு. மிஷின்தானக்கா? சொல்லிரவா?

— சொல்லிரும்மா உமா. மிஷின்னே சொல்லிரு. இனி நான் குறுக்க நிக்கல. என் மருமக எது சொல்றாளோ அதுதான்.

— இரு உமா. மிஷினே சுருக்கிக்கிடும், நீ பட்டன அமுக்கிருவ. அப்பறம் இங்கன நான் எதுக்கு?

— என்னக்கா இப்படிக் கேக்குறீக?

— சாப்ட்வேருன்னே சொல்லிரு. பாஸ்வேர்ட மட்டும் நான் மாத்திக்கிடுறேன்.