ஐந்தாவது தடவை

ஓடுகிறேன். மார்போடு பிள்ளை. காலில் செருப்பில்லை. பின்னால் ஒரு சத்தம். கருங்கல் ஏற்றிய லொறிகள் பல ஒரே நேரத்தில் கல்லைக் கொட்டுவது போன்ற சத்தம். கொட்டி முடியவே இல்லை.

"கடல் எழும்பி வருது! மேல ஏறுங்க! மேல!"

கத்தியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணியை ஒட்டிய நேரம். இடம் இலங்கையின் கிழக்குக் கரையில் மாளிகைக்காடு. எங்கள் வீட்டுக்குத் தெற்கே சில ஒழுங்கைகள் தாண்டினால் காரைதீவு. அது தமிழர்களின் ஊர். எங்கள் ஊர் முஸ்லிம் ஊர். தண்ணீர் அந்த எல்லையைக் கவனிக்கவில்லை.

கணவர் வெளிநாட்டு வேலையில்; வீட்டில் என்னோடு என்னைப் பெற்ற உம்மா மட்டும். உம்மா என் பின்னால் வந்தார். வாசல் கதவைப் பூட்ட நின்றார். திரும்பிப் பார்த்தேன். பூட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் உம்மாவைப் பார்க்கவில்லை.

கட்டி முடியாத ஒரு வீடு. மேல் தட்டு மட்டும் போட்டிருந்தார்கள். ஏறினேன். கீழே தண்ணீர் கறுப்பாகப் போகிறது. மரப்பலகை, கோழிக்கூடு, ஒரு தையல் மெசின். பிறகு ஒரு பெண். சேலை முள்ளுக்கம்பியில் சிக்கியிருக்கிறது. தலை மேலே வருகிறது, கீழே போகிறது.

பிள்ளையைச் சீமெந்துத் தரையில் கிடத்தினேன். என் சேலையை உருவி ஒரு முனையைத் தூணில் கட்டினேன். மறு முனையை வீசினேன். இரண்டாவது வீச்சில் பிடித்தாள். இழுத்தேன். அவள் சேலை கம்பியோடு போயிற்று. பாவாடையும் சட்டையுமாக இருவரும் தட்டில் கிடந்தோம்.

என் மகள் அழுதாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய சட்டையின் முன்பக்கம் நனைந்தது. கடல் தண்ணீரில் ஏற்கெனவே நனைந்த சட்டைதான். ஆனாலும் வெள்ளையாக இறங்கியதைக் கண்டேன்.

"கையிலதான் வச்சிருந்தன்" என்றாள். அன்று அதை நூறு தடவை சொல்லியிருப்பாள்.

பெயர் யோகராணி. காரைதீவு. மீன்பிடிக்கப் போன கணவனும் கைக்குழந்தையும் அன்று போய்விட்டார்கள்.

மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு நெல் மில்லில் எங்களைச் சேர்த்தார்கள். அவித்த நெல்லின் வாசம். மூட்டைகளுக்கிடையே பாய். முதல் லொறியில் சாப்பிடப் பாண் வந்தது. பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கப் பால்மா வரவில்லை. என் மகள் ஹனா பிறந்து இரண்டு மாதம். எனக்குப் பால் நின்றுவிட்டது. அதிர்ச்சியில் அப்படி நிற்குமாம். நான் திருமணத்துக்கு முன் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை செய்தவள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதப் பழகியவள். ஆகவே எழுதுகிறேன்: பிள்ளை என் மார்பைக் கவ்வினாள், உறிஞ்சினாள், விட்டாள், அழுதாள்.

"தாங்க. நான் குடுக்கன்" என்றாள் யோகராணி.

கொடுத்தேன். ஹனா கண்ணை மூடினாள். விழுங்கும் சத்தம் கேட்டது. அது எனக்கு மட்டும் தெரிந்த சத்தம் என்று நினைத்திருந்தேன். மில் முழுவதும் கேட்டது போலிருந்தது. பிள்ளையின் விரல்கள் அந்தப் பெண்ணின் தாலிக்கொடியைச் சுற்றிக்கொண்டன. பிரித்தெடுக்கப் பார்த்தேன். பிடி இறுகியது.

குடித்து முடிந்ததும் ஈரத்துணியால் பிள்ளையின் வாயைத் துடைத்தேன். யோகராணி பார்த்தாள்.

எங்கள் மார்க்கத்தில் ஒரு சட்டம் உண்டு. அந்நியப் பெண் ஒருத்தி ஒரு சிசுவுக்கு ஐந்து தடவை வயிறு நிறையப் பால் கொடுத்தால், அவள் அந்தப் பிள்ளைக்குத் தாய். பால் தாய். அவளுடைய பிள்ளைகள் சகோதரர்கள். கல்யாணம் கட்ட முடியாது. எங்கள் ஊரில் இதை அறியாத பெண் இல்லை.

பக்கத்துப் பாயில் அயல்வீட்டுச் சுலைஹா மாமி. வீடு போயிற்று, வாய் போகவில்லை.

"எத்தினையாவது தடவ இது, புள்ள?"

"ரெண்டு, மாமி."

"எண்ணிக்க. அஞ்சு வந்தா அவதான் உம்மா. ஒனக்குச் சும்மா தூக்கித் திரியிற வேலதான்."

பெண்கள் சிரித்தார்கள். அந்த மில்லில் நான் கேட்ட முதல் சிரிப்பு. யோகராணியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எண்ணத் தொடங்கினேன்.

யோகராணிக்கு வேறு பிள்ளை இல்லை. அந்தச் சட்டத்தால் தடைப்பட ஒரு கல்யாணமும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினேன். மூன்று. நான்கு. நான்காவது தடவை ஹனா குடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அதுவரை சிரித்ததில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மில்லின் மறுகோடிக்குப் போனேன். சீனித்தண்ணீர் கொடுத்தேன். கஞ்சித்தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தேன். கக்கினாள். பின்னேரம் வரை அழுதாள். பிறகு அழுகையின் சத்தம் குறைந்தது. சத்தம் குறைந்தது நல்லதற்கல்ல. உதடு காய்ந்திருந்தது. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது.

"புள்ளைக்கு ஒண்டு நடந்தா ஒன்ட எண்ணிக்கைய யாருக்குச் சொல்லுவாய்?" சுலைஹா மாமி இப்போது சிரிக்கவில்லை.

எழுந்தேன். யோகராணி பாயில் இல்லை. மூட்டைகளுக்குப் பின்னால் உமிக் குவியல். அதன் முன் குந்தியிருந்தாள். பாலைப் பீய்ச்சி உமியில் விட்டுக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. தொட முடியாத நோவு. பால் உமியில் ஒரு நொடி வெள்ளையாக நிற்கிறது. பிறகு இல்லை.

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவள்தான் கேட்டாள்.

"தங்கச்சி, அது உங்கட புள்ளதான். எனக்கு வேணாம். எனக்குப் பால் கட்டி உசிர் போகுது. ஒருக்காத் தாங்க. எனக்கு ஒரு உதவியா நினைச்சுக்கங்க."

கொடுத்தேன். ஹனாவுக்கு முதலில் கவ்வத் தெம்பில்லை. யோகராணி ஒரு துளியை நாக்கில் விட்டாள். இன்னொரு துளி. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. நான் உமியில் உட்கார்ந்தேன். பிள்ளை தானாக வாயை எடுக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

ஐந்து.

"பெரிய உதவி தங்கச்சி" என்றாள் யோகராணி. முகத்தில் நோவு குறைந்திருந்தது. கம்பியிலிருந்து இழுத்தெடுத்தபோது அவள் இதைச் சொல்லவில்லை. இப்போது சொன்னாள். நான் சொல்லவேண்டியதை முந்திச் சொல்லிவிட்டாள். அதிலும் எனக்குப் பொறாமை வந்தது. அந்த முறை பிள்ளையின் வாயை நான் துடைக்கவில்லை.

பால்மா வந்த பிறகும் அவளே கொடுத்தாள். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். மறு வருடம் அவள் வன்னியில், புதுக்குடியிருப்பில் இருந்த அக்காவிடம் போனாள். 2006இல் ஒரு தடவை வந்தாள். ஹனாவுக்குச் சிவப்புச் சட்டை. ஹனா ஓடிப்போய் அவள் மடியில் ஏறினாள். நான் தேநீர் ஊற்றக் குசினிக்குப் போய், தேவைக்கு அதிகமான நேரம் அங்கே நின்றேன். அன்றுதான் நன்றி சொன்னேன்.

"என்னத்துக்கு?" என்றாள். "நீங்களெல்லோ இழுத்தெடுத்த."

பிறகு போர் மீண்டும் தொடங்கி வன்னிப் பாதை மூடியது.

2009. போர் முடிந்தது. வவுனியா முகாமிலிருந்து காரைதீவுக்குத் திரும்பிய ஒரு பெண்ணைத் தேடிப்போனேன். அவள் வன்னியில் யோகராணியோடு இருந்தவள், நேரில் பார்த்தவள். நான் பார்க்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் பங்கருக்குள். வெளியே ஒரு பிள்ளையின் அழுகை. "போகாத! யோகம், போகாத!" என்று கத்தினார்கள். யோகராணி ஏறிப் போனாள். பிள்ளையைப் பங்கருக்குள் நீட்டிக் கொடுத்தாள். அவள் இறங்கவில்லை.

யாருடைய பிள்ளை என்று கேட்டேன். தெரியாது என்றாள். உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். ஓம் என்றாள்.

அந்தப் பிள்ளை மீது எனக்குப் பொறாமை. ஹனாவுக்காக.

வீட்டுக்கு வந்தேன். ஹனாவுக்கு நாலரை வயது. "பாலம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள். மறுநாள்தான் சொன்னேன்.

இழந்தவை. வீடு ஒன்று. கிணறு ஒன்று, தண்ணீர் உப்பானது. கதவு ஒன்று, பூட்டிய நிலையில் வயலில் கண்டெடுத்தோம். என் உம்மா. யோகராணியின் கணவன். அவளுடைய குழந்தை, ஆண், அவனுக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.

என் மகளுக்குத் தாய்மார் இருவர். மிஞ்சியது நான்.