உள்ளே ஒருவர்

ஸ்ரீவைகுண்டம் வாழைக்காய்க் கிட்டங்கிக்குப் போவதென்றால் எனக்கு எப்போதுமே சந்தோஷம்தான், சார். சித்திரை வெயிலிலும் அந்தக் கிடங்கு குளுகுளுவென்று இருக்கும். ஏற்றுமதிக் காய் பழுக்காமலிருக்கச் சின்னச் சின்ன அறைகளில் அடுக்கி, பூட்டி, ஆக்சிஜன் இல்லாதபடி நைட்ரஜனை நிரப்புவார்கள். எப்போது பூட்டுவது, எப்போது திறப்பது என்ற விதிகளை ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அதை நிறுவிக் கொடுப்பது கங்கைகொண்டானில் இருக்கும் எங்கள் கம்பெனி. நான் மூத்தவன். ரீபா எனக்கு உதவியாக வந்தவள், சேர்ந்து எட்டு மாதம்.

அன்று நிறுவல் மூன்று முறை பாதியில் நின்றது. ஒவ்வொரு விதியும் ஒரு ‘கிளாஸ்’, அதாவது மென்பொருளின் ஒரு தனித் துண்டு. பட்டியலில் இருக்கிற வரிசைப்படிதான் ஏறும், அதே வரிசையில்தான் ஓடும். உள்ளே போனவர்களை எண்ணும் கிளாஸ், கைரேகைக் கருவியின் கிளாஸைத் தேடியது. அதுவோ பட்டியலின் அடியில் கிடந்தது. எண்ணும் கிளாஸை நான் அதற்கும் கீழே தள்ளினேன். பிழைச்செய்தி மறைந்தது.

“சார், இப்போ கதவைப் பூட்டி வாயுவைத் திறந்த பொறவுதான் உள்ள ஆளு இருக்கான்னு பாக்கும்,” என்றாள் ரீபா. “கருவியோட கிளாஸைப் பட்டியல்ல மேல ஏத்தி முதல்லேர்ந்து போடுவோம். ஒரு மணி நேரம் ஆவும்.”

அவள் சொன்னது சரி. ஆனால் கிட்டங்கி முதலாளி திருஞானசம்பந்தம் பக்கத்தில் நின்றார். அவர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

“என்ன வே, பிள்ளை என்னமோ சொல்லுதா?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எல்லாம் முடிஞ்சிட்டு.”

ஒன்பதாம் நாள் மத்தியானம் கங்கைகொண்டானில் என் இருக்கையிலிருந்தே அந்தக் கிட்டங்கியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீபா சாப்பிடப் போயிருந்தாள். கதவு பூட்டிக்கொண்டது. வாயு திறந்தது. பிறகு ‘உள்ளே: 1’ என்று வந்தது. எண்ணிக்கையில் பிழையே இல்லை. விட்டுப்போன கூடையை எடுக்கப் போன, அங்கே காய் அடுக்கும் அன்னத்தாய், ஒழுங்காகக் கைரேகை வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

ஒரு போன் போட்டிருக்கலாம் என்கிறீர்கள். போட்டால் ஏன், என்ன என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளை அன்னைக்கே சொல்லிச்சே என்பார் அண்ணாச்சி. அதனால் வேலையை முதலில் பார்த்தேன். கருவியை மேலே ஏற்றி, எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். ஏறி முடிகிறவரை கதவு திறக்காது. பதினொரு நிமிடம் ஆயிற்று. மூன்றாவது நிமிடம்வரை அன்னத்தாய் கதவைத் தட்டுவது கேமராவில் தெரிந்தது. அதில் சத்தம் வராது. அப்புறம் உட்கார்ந்துவிட்டார். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது.

பிறகு முதல் நிறுவலின் பதிவையும் இதன் பதிவையும் ரீபா பெயருக்கு மாற்றினேன். எட்டு மாத அனுபவத்தில் தவறு வருவது இயல்பு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். அவளை நீங்கள் கைது செய்தபோதும் பேசாமல்தான் இருந்தேன்.

நேற்று உங்கள் அறிக்கையைப் படித்தேன். ‘ஒரு மணி நேர வேலையை ரீபா பதினொரே நிமிடத்தில் மிகத் திறமையாகச் செய்து முடித்திருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவளால் அது முடியாது, சார்.

மற்றதை உங்கள் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதினொரு நிமிடத் திருத்தம் மட்டும் கணேஷ்ராம் என்ற என் பெயரில் இருக்கட்டும்.