பரத்தின் ப்ரோக்ராமில் நான் சேர்த்த வரி

மரக்காணத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் அடிக்கடி கீபோர்டைக் கழற்றித் துடைக்க வேண்டும். உப்புக் காற்று பட்டன்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைப்பேன். பொறுமையாகச் செய்கிற வேலைகள் எனக்குப் பிடிக்கும்.

நீங்கள் பரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவனும் நானும் கல்லூரியில் ஒன்றாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தோம். படிப்பு முடிந்ததும் நான் அப்பாவின் உப்பளத்தைப் பார்க்க வந்துவிட்டேன். அவன் மீனவக் குடும்பம். கடலுக்குப் போகாமல் புதுச்சேரியில் ஒரு ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போனான். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் புல்லட்டின் போர்டு நடத்தினோம்.

அது பெரிய விஷயமில்லை. வீட்டு போனில் மோடத்தை மாட்டி வைப்போம். நாங்கள் எடுக்காவிட்டால் நாலைந்து முறை மணி அடித்த பிறகு அது எடுக்கும். வெளியிலிருந்து கூப்பிடுபவர் தன் கம்ப்யூட்டரில் எங்கள் செய்திகளைப் படித்து, தன் செய்தியை எழுதிவிட்டுப் போவார். ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்ற எல்லாருக்கும் எங்கேஜ்டு. இன்டர்நெட் வந்த பிறகு இது கிறுக்குத்தனம்தான். கிளியனூர், திண்டிவனம் பக்கம் எங்களைப் போலச் சில கிறுக்குகள் இருந்தார்கள்.

ப்ரோக்ராம் பரத் எழுதியது. ஓடுகிற ஃபைலை மட்டும் எனக்குக் கொடுத்திருந்தான்; அதை ஓட்டலாம், உள்ளே படிக்கவோ மாற்றவோ முடியாது. செய்திகள் சேரச் சேர அது மந்தமானது. அவன் கைப்பட எழுதிய மூல வரிகளை, சோர்ஸ் கோடைக் கேட்டேன்.

"குடுடா, வேகமா ஓட வெச்சுத் தர்றேன்."

"சோர்சா? அது என் ஜட்டி மாதிரிடா. ஒரே அழுக்கு. தொவச்சிட்டுத் தர்றேன்."

பலமுறை கேட்டேன். பலமுறை துவைத்துக்கொண்டிருந்தான்.

2004 ஆகஸ்டில் என் மனைவி மலர்கொடி வளைகாப்பு முடிந்து பிரம்மதேசத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு மத்தியானம் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. மாமியார் வேலம்மாள் போன் பூத்துக்கு ஓடி எங்கள் வீட்டுக்குப் போட்டார். எங்கேஜ்டு. மகளைப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஓடிவந்து போட்டார். எங்கள் வேன் வாசலில் நின்றது. நான் பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போர்டுக்கு வந்த யாருக்கோ பாதியில் இணைப்பு அறுந்திருக்கிறது. ப்ரோக்ராம் லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு டிராக்டரில் ஏற்றினார்கள். டிராக்டரின் வேகம் போதவில்லை. வயிற்றில் இருந்தது பெண் குழந்தை.

கருமாதி அன்று பரத் ஒரு ஃப்ளாப்பியை என் கையில் வைத்து அழுதான். அதில் சோர்ஸ் இருந்தது.

"நீ கேட்டப்பவே குடுத்திருந்தா நீ சரி பண்ணியிருப்பே, சிலம்பு."

அதைச் சொன்னது அவன். நான் சொல்லவில்லை. அதை அவனுடைய ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். என் போர்டை மூடிவிட்டேன்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. பரத்தின் வீட்டுச் சுவர் போயிற்று. கம்ப்யூட்டரும் போயிற்று. அவனும் அவன் அம்மா சூர்யகலாவும் தப்பினார்கள். பாயும் பாத்திரமும் கொண்டுபோனது நான்தான். பிறகு பெரிய முதலியார்சாவடியில், சவுக்குத் தோப்பு ஓரத்தில் தனியாக நின்ற ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். இப்போது சோர்ஸ் என்னிடம் மட்டுமே இருந்தது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, போர்டை மறுபடி ஆரம்பிக்கலாம் என்றான் பரத். நான் ப்ரோக்ராமைச் சீர்செய்து, ஓடுகிற ஃபைலை மட்டும் கொடுத்தேன். முன்பு ஒரு செய்தியைத் தேட அது மொத்த ஃபைலையும் முதலிலிருந்து படிக்கும். நான் ஒரு அட்டவணை வைத்தேன். நேராக அந்த இடத்துக்குப் போய்விடும்.

"டேய், பறக்குதுடா! நொண்டிக்கிட்டு இருந்த புள்ளைய ஓட வுட்டுட்டியே," என்றான். வேகமாக ஓடுவதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கூடவே ஒரு வரி சேர்த்திருந்தேன். பரத்தின் பெயரில் வெளியிலிருந்து ஒருவர் வந்துவிட்டுப் போனால், அதற்குப் பிறகு லைனை விடாதே. அவ்வளவுதான். அவன் வெளியிலிருந்து வருகிறான் என்றால் வீட்டில் இல்லை என்று பொருள். தினமும் மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து போர்டுக்குள் வந்து பார்ப்பான், அது எனக்குத் தெரியும். அவன் அம்மாவுக்கு இளைப்பு உண்டு, அதுவும் தெரியும். வேலம்மாள் கேட்ட அந்தச் சத்தத்தை அவனும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எந்த நாள் என்பதை நான் முடிவு செய்யவில்லை.

பரத் செல்போன் வாங்கியபோது, அதற்கு எப்படிப் போடுவது என்று சூர்யகலாவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அன்று வஞ்சிரக் குழம்பு.

"ரிசீவரை எடுங்கம்மா. கொய்ங்னு சத்தம் வரும். அப்புறம் நம்பரைப் போடுங்க."

"சத்தம் வரலேன்னா?"

"வரும்மா."

"நீ சொன்னா மண்டையில ஏறுதுப்பா. இவன் சொல்லித் தர்றேன்னு கத்துவான். இன்னொரு துண்டு போட்டுக்கோ. மலரு போனதுலேர்ந்து காக்கா மாதிரி கொறிக்கறே."

போட்டுக்கொண்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

மழைக்கு முன்னால் பரத்துக்குச் சந்தேகம் வந்தது.

"மத்தியானமானா வீட்டு போன் செத்துப் போவுதுடா. நான் வந்து கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிப் போட்டா உயிர் வருது. லைன்மேன் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லேன்றான். ப்ரோக்ராமா இருக்குமோ? சோர்சைக் குடேன், பாக்கறேன்."

"தொவச்சிட்டுத் தர்றேன்."

விழுந்து விழுந்து சிரித்தான். மலர்கொடி போன பிறகு நான் அடித்த முதல் ஜோக் அது என்று அவனுக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு சோர்சைக் கேட்கவில்லை.

2005 நவம்பர் அடைமழையில் சூர்யகலா இளைப்பு வந்து இறந்தார். ரிசீவர் மடியில் கிடந்ததாம். அன்று மத்தியானம் பரத்தும் வீட்டுக்குப் போட்டிருக்கிறான்.

"எங்கேஜ்டா இருந்துச்சுடா. சித்தி கூட வம்பளந்துக்கிட்டு இருக்குதுன்னு நெனச்சேன். சிரிச்சேன்டா."

எத்தனை தடவை போட்டாய் என்று கேட்டேன். சொன்னான். திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் சொன்னான்.

காரியம் முடிந்ததும் சோர்ஸை அவனிடம் கொடுத்தேன். என் வரியை நீக்கவில்லை. கேட்டவனுக்குச் சோர்ஸை மறுக்கக் கூடாது என்பது என் கருத்து.

மறுநாளே உப்பளத்துக்கு வந்தான். பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். வரப்பில் நின்றான். என்னை அடிக்கவில்லை.

"நீ சேத்ததைப் பாத்துட்டேன்."

"ம்."

"அதுக்கு மேல நான் எழுதினதையும் நீ படிச்சிருப்பே. யாரும் இல்லாம சும்மா கெடந்தா லைனை வுடறதுக்கு எழுதி வெச்சிருக்கேன். எத்தனை நிமிஷம்னு போர்டு நடத்துறவன்தான் செட்டிங்ஸ்ல போடணும். பூஜ்யம் போட்டா வுடவே வுடாது. மலரு போன அன்னைக்கு உன் போர்டுல எவ்ளோ இருந்துது?"

"பூஜ்யம்."

கிளியனூர்க்காரர் ஒருவர், யோசித்து எழுதுவதற்குள் அறுந்துவிடுகிறது என்று குறைப்பட்டார். அதனால் போட்டிருந்தேன்.

"அது தப்புன்னு எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"உன் ஃப்ளாப்பியைப் படிச்ச அன்னைக்கு."

"நான் புது வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியேவா? அப்புறம் எங்கம்மாவ ஏன்டா..."

முடிக்கவில்லை. ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் எழுந்ததும் சேர்ந்து பஸ் ஏறி இங்கே, உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தோம். டிக்கெட் நான்தான் எடுத்தேன்.

அவன் முடிக்காததால் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். லைனைப் பிடித்து வைத்தது நான் போட்ட எண் என்று தெரிந்த பிறகுதான் அந்த வரியை எழுதினேன். ரிசீவரை எடுத்தால் சத்தம் வராது என்று தெரிந்துதான் அந்த அம்மாவிடம் வரும் என்றேன். எதையும் மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யம் போட்டால் வாங்கமாட்டேன் என்று ஒரு நல்ல ப்ரோக்ராம் சொல்ல வேண்டும். பரத் அதை எழுதாமல் விட்டான். எழுதியிருந்தால் மூன்று பேரும் இன்று இருந்திருப்பார்கள்.