சிந்துஜா சம்பளம்

டயாலிசிஸ் கோர்ஸா? அட, தாராளமா சேருங்க சார். எங்கிட்ட கேட்டீங்க பாருங்க, அதான் சரி. எம் பொண்ணு சிந்துஜா அந்தப் படிப்புதான். முன்னாடி சீட்ல ஒக்காந்துக்கினு இருக்குதே, அதானே ஒங்க பொண்ணு? பாவம், மார்க் ஷீட்ட மடியில வெச்சு இறுக்கிப் புடிச்சிக்கினு இருக்குது. பயப்பட வேணாம்னு சொல்லுங்க. பஸ்ஸு திருவண்ணாமலை போறதுக்குள்ள நான் வெவரமா சொல்லிடறேன்.

ஃபீஸு ஜாஸ்திதான், இல்லன்னு சொல்லல. நர்சிங்குக்குப் பாத்தா கம்மி. எனக்கு எல்லாம் சேந்து ரெண்டு லட்சம்கிட்ட ஆச்சு. யூனிஃபார்ம், ஹாஸ்டலு, பரீட்சைக்குத் தனியா ஒன்னு கேப்பான், எதுக்குன்னா பதில் வராது. கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்ட பயிரு போட்டுக்கினு இருந்த நெலம் அடமானத்துக்குப் போச்சு. எம் பொண்டாட்டி ஜோதியம்மா அழுதா. பொட்டப் புள்ளைக்கி இவ்ளோ கொட்டிட்டு, அப்புறம் கட்டிக் குடுக்க எங்கய்யா போவேன்னு கேட்டா. போடி இவளே, படிச்சா அவளே சம்பாரிப்பான்னேன்.

மொதல்ல எட்டாயிரம்தான் குடுத்தான், ஒரு தனியார் ஆஸ்பத்திரில. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா பொறுக்கணும் சார். கை பழகற வேல அது. நோயாளி கையில ரெண்டு ஊசி குத்தணும், நல்ல தடி ஊசி. ஒன்னு வழியா ரத்தம் வெளிய வந்து மெஷின்ல சுத்தமாவும், இன்னொன்னு வழியா உள்ள போவும். வாரத்துக்கு ரெண்டு தரம், மூணு தரம் வரணும். சாவற வரைக்கும் வரணும். அப்ப வேலைக்கு இன்னா பஞ்சம் சொல்லுங்க? எக்ஸ்ரே படிச்சவன்லாம் எங்க தெருவுல சும்மா சுத்தறான். கிட்னி போனவன் வந்துக்கினே இருப்பான் சார்.

இவளுக்குக் கை ரொம்ப மெத்து. குத்தறதே தெரியலம்மான்னு சொல்லிட்டு, சிந்துஜா வந்தாத்தான் ஆச்சுன்னு ஒக்காந்துக்குவாங்களாம் வயசானவங்க. இப்ப இருவத்தி ரெண்டு வாங்கறா. நைட் டூட்டி பாத்தா அதுக்கு மேல.

ஏடிஎம் கார்டு எங்கிட்டதான். பஸ்ஸுக்கு, டிபனுக்கு நாந்தான் குடுக்கறேன். வாயத் தொறந்து ஒன்னு கேக்க மாட்டா. நெலத்த மீட்டாச்சு, மாடி எடுத்து வாடகைக்கு விட்டாச்சு. இனியன்னு ஒரு புள்ள இருக்கான், இன்ஜினியரிங் முடிச்சுட்டு செல்ல நோண்டிக்கினு கெடக்கறான். அவன் பைக்கும் இவ சம்பளந்தான். படிக்க வெச்சா பொண்ண வெக்கணும் சார்.

கல்யாணமா? இல்லீங்க, ஆவல. முப்பது ஆவப் போவுது.

வரன் வராம இன்னா. வேட்டவலத்துலருந்து ஒரு வாத்தியார் மாப்ள வந்தாரு. புடிச்சுப் போச்சு. பஜ்ஜி தின்னுட்டு, தேதி பாக்கலாம்னுட்டாங்க. இவ கதவுக்குப் பின்னாடி நின்னுக்கினு சிரிக்கறா. நான் பஸ் ஏத்தி விடறேன்னு கூடவே போனேன். மாப்ளயோட சித்தப்பனத் தனியா கூப்ட்டு, நோயாளிக்குப் போட்ட ஊசி எம் பொண்ணு வெரல்ல குத்திடுச்சுங்க, அந்த ஆளுக்கு ரத்தத்துல கெட்ட காமாலை, இவளுக்கும் வந்துடுச்சு, மறைச்சுக் கட்டிக் குடுக்க மனசு வரலன்னு சொன்னேன். அந்த மனுசன் எங்கையப் புடிச்சிக்கினு கண்ணு கலங்கிட்டாரு.

ஊசி குத்துனது நெசந்தான் சார். டெஸ்ட்டு எடுத்தாங்க, மாசக்கணக்குல பாத்தாங்க. ஒன்னும் கெடையாது. நல்லாத்தான் இருக்கா.

அப்புறம் கலையரசன்னு அதே ஆஸ்பத்திரில லேப்ல இருக்கற பையன். நகை வேணா, ஒன்னும் வேணா, சிந்துஜாவக் குடுங்கன்னு வீட்டுக்கே வந்துட்டான். இவளுக்கு டெஸ்ட்டு எடுத்தவனே அவன்தான். அவங்கிட்ட இந்தப் பேச்சு செல்லுமா? போளூர்ல அவங்கம்மாவத் தேடிப் போனேன். ஒம் புள்ள ஆசையில மறைக்கறாம்மா, அவனுக்கும் ஒட்டிக்கும், பொறக்கற கொழந்தைக்கும் ஒட்டிக்கும்னு சொல்லி அழுதேன். நான் சொன்னேன்னு மட்டும் வெளிய விட்றாதம்மான்னு சத்தியம் வாங்கிக்கினேன். அந்தம்மா மருந்தக் குடிச்சிடுவேன்னு நின்னுடுச்சு. பெத்த அப்பனே சொல்றப்ப யாரு சார் நம்பாம இருப்பாங்க? பையன் மெட்ராஸ் பக்கம் வேல பாத்துக்கினு போய்ட்டான்.

இவ ரெண்டு நாளு சோறு திங்கல. எம் மடியில தலைய வெச்சுக்கினு, யாரோ பொறாமையில சொல்றாங்கப்பா, நான் யாருக்கு இன்னா கெடுதல் பண்ணேன்னு கேட்டா. விடும்மா, அப்பா இருக்கேன்னு தட்டிக் குடுத்தேன். எழுந்து மூஞ்சக் கழுவிக்கினு டூட்டிக்குப் போய்ட்டா.

ஏன் சார் அப்டி பாக்கறீங்க? ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். செலவு பண்ணவன் நானு. கட்டிக் குடுத்தா மொத மாசச் சம்பளமே அந்த வீட்டுக்குப் போவும். நாளைக்கி ஒங்களுக்கே புரியும்.

எங்க எழுந்துட்டீங்க? பஸ் ஸ்டாண்டு இன்னும் வரலியே. ஓ, பொண்ணுகிட்டயா? சரி, போங்க. ஃபீஸ தவணையில கட்டறேன்னு கேளுங்க, ஒத்துக்குவான்.

நான் எதுக்குப் போறேன்னு கேக்கறீங்களா சார்? எனக்கு ஆபீஸ் வேலலாம் ஒன்னும் இல்ல. இன்னிக்கி பௌர்ணமியாச்சே, டூட்டி முடிஞ்சு சிந்துஜா பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பா. கல்யாணம் ஆவணும்னு வேண்டிக்கினு மாசாமாசம் செருப்பில்லாம மல சுத்தறா, பாவம். வயசுப் பொண்ண தனியா அனுப்ப முடியுமா? அதான் நானும் கூடவே நடக்கறது. போன தரம் அடி அண்ணாமலைகிட்ட காலு கொப்புளிச்சு ஒக்காந்துட்டா. நாந்தான் தண்ணி ஊத்தி, துணியக் கட்டி விட்டேன்.

மறுநாளு டூட்டிக்கு நிக்கணுமே சார்.