இரண்டாம் பக்கத்து வாசகன்

இந்தத் தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, சேர். பரவாயில்லை, குடிக்கலாம்.

ருவான்வெல்லைக்குப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் கிளாக்கர். வேலை முடிந்த பிறகு, விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் துப்பறிவாளர் ஒருவரை வைத்துப் புதிய மர்மக் கதைகள் எழுதுகிறேன். லண்டனைப் பார்த்ததில்லை. விடியலில் நம் றப்பர் மரங்களுக்குள் இறங்கும் பனியையே அங்கே அனுப்பிவைப்பேன்.

எனக்கு இருந்தது ஒரே வாசகன். யோகராஜ். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு காம்பராவில் தனியாக இருந்தவன். எந்தக் கதையைக் கொடுத்தாலும் இரண்டாம் பக்கத்திலேயே, "வண்டிக்காரன்தானேடா கொன்னான்?" என்பான். அதோடு விட்டானா? கடைவீதிக்குப் போய், "கிளாக்கரு கதைய நீங்க படிச்சிக் கஷ்டப்படாதீங்க, முடிவ நானே சொல்லிர்றேன்" என்பான். தேநீர்க்கடையே சிரிக்கும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவனுக்கு முடிவு பிடிபடாத கதை ஒன்றாவது எழுதிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுத்தாளனுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

தேநீரில் விஷம் வைக்கும் கதை ஒன்று எழுதினேன். போன போயா, பௌர்ணமி விடுமுறையன்று அதையும் ஒரு பிளாஸ்க் தேநீரையும் கொண்டுபோய், அவன் கோப்பையிலேயே ஊற்றிக் கொடுத்தேன். நேர்மையாகத்தான் நடந்தேன், சேர். விஷப் போத்தலைக் கட்டிலுக்கடியில் வைத்தேன். கோப்பையைக் கழுவவில்லை. வாசல் சேற்றில் செருப்புத் தடத்தை அழுத்திப் பதித்தேன். லண்டன்காரர் வந்திருந்தால் என்னை உடனே பிடித்திருப்பார்.

நம் சனங்களைத்தான் மறந்துபோனேன். சாவு என்றதும் லயமே உள்ளே வந்துவிட்டது. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார்கள். பந்தல் போட வந்தவர்கள் தடத்தை மிதித்தே அழித்தார்கள். போத்தலில் யாரோ விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். பக்கத்துக் காம்பராச் சின்னம்மா அந்தக் கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, எனக்கே பிளேன்டீ ஊற்றித் தந்தாள்.

"குடிங்க கிளாக்கரய்யா. நீங்கதான் ரொம்ப ஒடஞ்சி போயிட்டீங்க."

குடித்தேன். மறுத்திருந்தால் அதுவாவது ஒரு தடயமாகியிருக்கும். அப்போது தோன்றவில்லை.

மாரடைப்பு என்று முடிவானது. நீங்களும் வந்து, வாசலில் நின்றபடியே சோடா குடித்துவிட்டுப் போனீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு பாடுபட்டும் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அதனால்தான் நானே பொலிஸுக்கு வந்தேன்.

கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டீர்கள். ஒரு கையில் கோப்பை, மறு கையில் இரண்டாம் பக்கம். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "டேய், டீ குடுத்தவன்தானேடா?" என்றான்.

அவன் தாளிலிருந்த கதையைத்தான் சொன்னான். அதுவும் குடித்த பிறகு சொன்னது கணக்கில் வராது. எழுதிக்கொள்ளுங்கள், சேர். இந்த ஒரு கதையை மட்டும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.