எர்த் குழிக்கு ரெண்டு குடம்

எங்கள் தெருவில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால், வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவேன். அவனியாபுரத்தில் அதற்கும் ஓர் ஆள் வேண்டாமா? அதனால்தான் சொல்கிறேன் ஐயா, நல்லகாமன் அண்ணன் பட்டறையில் நடந்ததை இந்த ஜெயக்கொடியைவிடச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறையும் எங்கள் வீடும் ஒரே சுவர். என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை அங்கே பதினாறு வருஷம் மில்லிங் மெஷின் ஓட்டினார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இரும்பைச் சீவுகிற மெஷின். நூலிழை பிசகாது. "மாப்ள கை பட்டா இரும்பு வெண்ணெயாயிரும்" என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ரத்தச் சொந்தமெல்லாம் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரே ஊர். என்னைத் தங்கச்சி என்றதால் இவர் மாப்பிள்ளை ஆனார்.

போன வருஷம், எண்பத்தாறில், பங்குனி பிறந்த வாரம், பெங்களூரில் ஏதோ ஃபேக்டரி கழித்துப்போட்ட சி.என்.சி. மெஷின் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்லத் தானே சீவுமாம். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது, நான் முன்வரிசை. பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கம் நசுங்கி, பென்ஷனுக்குக் காத்திருக்கிற ஏட்டையா மாதிரி இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள்.

அதை ஓடவைக்க நாகசுப்பிரமணியன் வந்தார். சௌராஷ்டிராக்காரர், பெங்களூரில் இந்த மாதிரி மெஷின்களோடு பழகியவர். குடும்பமே பட்டு நெய்ய, இவர் மட்டும் ஒயர் நெய்கிறார் என்று தெருவில் சொல்லிவைத்தேன். புது த்ரீ-பேஸ் லைன் இழுத்து ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. அண்ணன் முகம் செத்துப்போனது. நாகசுப்பிரமணியன் மெயினை அணைத்து, மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றினார். நேராகச் சுற்றியது. உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்தால் மெஷினுக்கு எல்லாம் மறந்துபோகும் என்றார்.

"எங்க தெரு ஆம்பளைகளுக்கு பேட்டரி இருக்கப்பவே மறந்துபோகுதே தம்பி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர்.

பட்டறை முழுக்கச் சிமெண்டுத் தரை. மண் இருந்தது என் வீட்டுப் பின்சுவரோரம் மட்டும்தான். அங்கே ஆழமாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, மெஷினிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து அதில் முடுக்கினார்.

"அக்கா, இது பழைய மெஷினு. உள்ள ஒயர் தேஞ்சு இரும்புல உரசுச்சுன்னா கரண்டு இந்தக் கம்பி வழியா மண்ணுக்குப் போயிரும், ஃபியூஸும் போயிரும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா குழி காயக்கூடாது. நம்ம ஊரு வெயிலுக்குத் தினம் ரெண்டு குடம் ஊத்தணும்."

"காஞ்சா?"

"தொடுற ஆளு வழியாப் போகும்."

"தங்கச்சி பாத்துக்கிரும்" என்றார் அண்ணன். "அது கண்ணுக்குத் தப்பி இந்தத் தெருவுல ஈ பறக்காது."

அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. நானாகக் கேட்கவில்லை.

ஒரு மாதம் ஒழுங்காக ஊற்றினேன். அதற்குள் அந்த மெஷின் நாலு ஆள் வேலையைத் தின்றது. என் வீட்டுக்காரரின் மெஷினுக்குச் சாக்கைப் போர்த்திவிட்டார்கள். "சும்மா நிக்காம இந்த இரும்புத் தூளைக் கூட்டி அள்ளு மாப்ள" என்று அண்ணன் விளக்குமாற்றை நீட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் வாங்கிக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து, "ஆடியோட என்னைய நிப்பாட்டிருவாரு போல. ஆனா என்னமாச் சீவுது தெரியுமாடி அது" என்று கண்ணை விரித்தார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் நான் தண்ணீர் ஊற்றவில்லை. சித்திரை வெயில், குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் சண்டை. வேறொன்றும் செய்யவில்லை. ஒரு ஒயரைக்கூடத் தொட்டதில்லை.

அண்ணன் அந்த அறையைக் கோயிலாக வைத்திருந்தார். செருப்பு வாசலோடு சரி. வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, ஈர வேட்டியோடு மெயினைப் போடுவார். விளக்கு ஏற்றின மாதிரி மெஷினின் கம்ப்யூட்டர் திரை ஒளிர்ந்த பிறகு, ஈரத்துணியால் மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைப்பார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் சம்சாரம் முத்துத்தாய் மதினி என்னிடம் ஓடிவந்தாள்.

"கை வச்ச ஒடனே அவருக்கு மேலெல்லாம் சுருசுருன்னு ஏறுச்சாம் ஜெயக்கொடி. சாமி எறங்கியிருக்குங்கிறாரு. அந்தத் தம்பியக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கவா?"

"சாமி விசயத்துல ஒயர்க்காரரு என்னத்தச் சொல்லப் போறாரு மதினி? ஒரு எலுமிச்சம்பழம் வைங்க, போதும்."

தெரு முழுக்க நானே சொன்னேன். வில்லாபுரத்திலிருந்துகூட ஆட்கள் வந்து வாசலில் நின்று கும்பிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும், அந்த அறைக்குள் போகவேண்டாம், வெளியே இருக்கிற தூளை அள்ளினால் போதும், செருப்பைக் கழற்றவே வேண்டாம் என்றேன். கால் வெடிப்புக்கு நல்லது என்று காரணம் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு வீட்டில் ஏதாவது வேலை வைத்தேன்.

தண்ணீரை நிறுத்தி இருபத்துமூன்றாம் நாளும் வெள்ளிக்கிழமை. சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மதினியின் சத்தம் கேட்டது. எல்லாரும் பட்டறைக்கு ஓடினார்கள், இவரும்தான். நான் பின்பக்கம் போய்க் குழியில் ரெண்டு குடம் ஊற்றினேன். மண் இழுத்துக்கொண்டே இருந்தது. இன்னும் நாலு ஊற்றினேன். பிறகு முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் ஓடினேன்.

அண்ணன் செத்தது எப்படி என்று அளந்து பார்க்க வந்த கரண்டு ஆபீஸ்காரர்கள் குழி ஈரமாக இருக்கிறது, எர்த் சரி என்றார்கள். உள்ளே ஒயர் தேய்ந்திருந்தது. பழி நாகசுப்பிரமணியன்மேல் விழுந்தது. "எர்த் சரியா இருந்தா ஃபியூஸ் போயிருக்கணுமே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. அவர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தினம் ஊத்துனீங்களாக்கா?"

"தெருவே பாத்துச்சு தம்பி" என்றேன்.

ஒரு வருஷமாகிறது, அவர் இன்னும் ஜெயிலுக்குள்ளேதான் இருக்கிறார். அவர் மனைவி கனகலட்சுமி எழுதிப்போட்ட மனுவால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நாலு நாளாகக் குழாயில் தண்ணீர் வராத தெருவில் அன்றைக்குக் குழி மட்டும் எப்படிச் சொதசொதவென்று இருந்தது என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். கெட்டிக்காரர். குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீர் ஐயா அது.

பட்டறையை மூடினார்கள். பேட்டரி தீர்ந்து, மெஷினுக்கு எல்லாம் மறந்துபோய், பழைய இரும்புக்குப் போனது. சாக்குப் போர்த்தின மெஷினும் கூடவே போனது. என் வீட்டுக்காரர் வீட்டோடு இருக்கிறார். செருப்பைக் கழற்றாதே என்று ஏன் சொன்னாய் என்று ஒருநாள் கேட்டார். கால் வெடிப்புக்கு என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அவருக்காகத்தான் இம்புட்டும், ஒருநாள் புரிந்துகொள்வார்.

ஆமாம், நல்லகாமன் அண்ணனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். மெஷின் போய்விட்டது, கம்பியையும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அந்தக் குழிக்குத் தினம் ரெண்டு குடம் ஊற்றுகிறேன், இன்று காலையிலும் ஊற்றினேன். நம்பி ஒப்படைத்த வேலையை ஜெயக்கொடி செய்யவில்லை என்று நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.