ஒம்பது மாசச் சம்பளம்

இல்ல தம்பி, இன்னும் கேட்டு தொறக்கல. பன்னெண்டரைக்குத்தான் அடுத்த கான்வாய். நீங்க மெயின்லேண்டா? அதான் பஸ் ஜன்னல்ல எட்டி எட்டிப் பாக்குறீங்க. மிடில் ஸ்ட்ரெயிட்ல அவசரப்பட்டு ஒண்ணும் ஆகாது. எல்லா வண்டியும் வரிசையா நிக்கணும், போலீஸ் வண்டி முன்னாடி போகணும், பழங்குடி ஆளுங்க இருக்குற காடு, நடுவுல எவனும் நிப்பாட்டக் கூடாது. நான் மட்டும் ஒத்தையில போறேன்னு கெளம்ப முடியாது. எனக்கும்தான் அவசரம். இன்னைக்கு ஏப்ரல் பதினஞ்சு.

போனப் பாக்காதீங்க, இங்க சிக்னல் வராது. பாரட்டாங்ல வந்துச்சு. எம் மக ரெண்டு தடவ அடிச்சா. நான் எடுக்கல. ஃபெர்ரி இரைச்சல்ல என்னத்தப் பேசுறது. இனி காடு முடிஞ்சு ஜிர்காடாங் தாண்டித்தான்.

ஷோபனான்னு பேரு. ஒரே புள்ள. ரங்கத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர். இப்ப போர்ட் பிளேர்ல, பத்துபஸ்தில என் தங்கச்சி அமிர்தவல்லி வீட்டுல இருக்கா. அமெரிக்காவுல படிக்கப் போறா தம்பி. இங்கிலீஷ் இலக்கியம். டாக்டர் பட்டம். காசு கட்டி இல்ல, அவனே காசு குடுத்துப் படிக்க வெக்கிறான். கூலி லயத்துல பொறந்தவன் நான். ஹட்டனுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். பத்து வயசுல கப்பல்ல ஏத்தி, அங்க இங்க அலையவிட்டு, கடைசியில இந்தத் தீவுல ரப்பர் வெட்ட வுட்டாங்க. வெள்ளைக்காரத் தொர எங்க தாத்தன இங்கிலீஷ்ல ஏசுவானாம். எம் மக போயி அவன் பாஷைய அவன் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் போறா. பாடம் நடத்தத்தான் அந்தச் சம்பளமே.

லேசாக் கெடைச்சுதுன்னு நெனைக்காதீங்க. ரெண்டு வருசம். மொத வருசம் ஆறு எடம் போட்டா, ஆறும் இல்லேன்னுட்டான். இந்த வருசம் எட்டு. ஒவ்வொண்ணுக்கும் விண்ணப்பக் கட்டணம், அது டாலர்ல. அத ரத்து பண்ணுங்கய்யான்னு எட்டு பேருக்கும் மனு. அஞ்சு பேர் ரத்து பண்ணான். பரீட்சை எழுதணும்னா சென்னைக்குப் போகணும். கப்பல் கேன்சல். டிக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு கப்பல் ஜெட்டியில உக்காந்து அழுதா. அடுத்த தேதிக்கு ஃபிளைட்டுல போனா, அவங்க அம்மா சங்கிலிய வித்து. மூணு வாத்தியாருங்க சிபாரிசு எழுதி ஏத்தணும். அதுல ஒருத்தர் ஏத்துறேன் ஏத்துறேன்னு கடைசி நாள் மத்தியானம் வரைக்கும் ஏத்தல. இவ சோறு திங்காம உக்காந்திருக்கா. நான் போன் போடட்டுமான்னேன். வேணாம்ப்பா, நீங்க பேசினா ஆள வளைச்சு நின்னு கெரோ பண்ண மாதிரி இருக்கும்னா.

சிரிங்க. ஊரே அப்பிடித்தான் சொல்லும். காத்தமுத்துன்னா ரங்கத் பஜார்ல கேட்டுப் பாருங்க. கொடி புடிக்காத ஆபீசு வாசல் கெடையாது. நான் பள்ளிக்கொடம் போனது அஞ்சு வருசம். மீதியெல்லாம் நோட்டீஸ்ல படிச்சது. சங்கத்துல நோட்டீஸ் கொண்டாந்து குடுப்பாங்க, அத எழுத்துக் கூட்டிப் படிச்சு, அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். ரப்பர் தோட்டத்துல நாப்பத்தி மூணு நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சு. மொத நாளே மேனேஜர் கூப்புட்டு கூலியில ரெண்டு ரூவா ஏத்துறேன்னான். எல்லாரும் கையெழுத்துப் போடலாம்னு எந்திரிச்சிட்டாங்க. நான் போட விடல. ராத்திரியோட ராத்திரியா நோட்டீஸ் எழுதினேன். முதல் விலை முதலாளி விலைன்னு தலைப்பு. நாப்பத்தி மூணாவது நாளு மூணே முக்கா ரூவாய்க்கு வந்தான். அன்னைக்கி என்னைத் தோள்ல தூக்கினவன் புள்ளைங்க இப்ப பைக்குல போறப்ப ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்லுது. அச்சா, இருக்கட்டும். அந்த மூணே முக்காலுலதான் அவனுங்க அப்பன் அவனுங்களப் படிக்க வெச்சான்.

இவ விண்ணப்பத்துல என்ன எழுதினான்னு தெரியுமா? எதுக்குப் படிக்க வர்றேன்னு ரெண்டு பக்கம் எழுதணுமாம். பதினாலு தடவ மாத்தி எழுதினா. கடைசில எந் நோட்டீஸப் பத்தி எழுதியிருக்கா. தோட்டத்துக் கூலிக்காரன் நோட்டீஸும் ஒரு இலக்கியந்தான்னு. எனக்கு மொதல்ல ஆத்திரம். அப்பனக் காட்டி சீட்டு வாங்குறியான்னு ரெண்டு நாள் அவகூடப் பேசல. மூணாம் நாள் பரண்ல ஏறி பழைய கட்ட எறக்கி, கரையான் அரிச்சது போக மிச்சத்த அவ மேஜையில வெச்சேன். அவ தூசி தட்டி எடுத்துப் படிக்க ஆரம்பிச்சா. அவ்வளவுதான் எங்க சமாதானம்.

ஏழு எடம் இல்லேன்னு வந்துச்சு. எட்டாவது, வான்னு வந்துச்சு. ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள சரின்னு பதில் போடணும். இவ ஒடனே போட்டிருக்கணும். ஆனா கவனமான புள்ள. போர்ட் பிளேர்ல அவ பழைய காலேஜ் மேடம் இருக்காங்க, நளினி மேடம், அவங்ககிட்ட ஒருதடவ காட்டிட்டுப் போடலாம்னு கெளம்பினா. போற வழியில ஃபெர்ரில இருந்து போனு கைநழுவி உப்புத்தண்ணியில விழுந்துருச்சு. வேற போன்ல மெயிலத் தொறக்கணும்னா அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். அதான் அவங்க அத்த போன்ல இருந்து எனக்கு அடிச்சா. அப்பா, நாகராஜண்ணன் நெட் கடை கம்ப்யூட்டர்ல என் மெயில் தொறந்தேதான் இருக்கும், அந்த ஆஃபர் லெட்டர பிரின்ட் எடுத்து பதினஞ்சாந் தேதி பஸ்ஸுல கொண்டாந்துருங்க, புது சிம் வந்ததும் பதில் போட்டுர்றேன்னா.

போனேன். எடுத்தேன். படிச்சேன். இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் தெரியும் தம்பி, ஆபீசு இங்கிலீஷ். சம்பளம் எங்கன்னு தேடினேன். வருசத்துக்கு ஒம்பது மாசந்தான்னு போட்டிருந்தான். மே, ஜூன், ஜூலை ஒண்ணும் கெடையாது. வைத்தியச் செலவுல பாதி. மறுபடி மொதல்லருந்து படிச்சேன். ஏன்னா இது எனக்குத் தெரிஞ்ச வேலை. இங்க தெனக்கூலிக்காரன நிரந்தரமாக்காம இருக்கிறதுக்கு என்ன பண்ணுவாங்க? நடுவுல பிரேக் குடுப்பாங்க. கொஞ்ச நாள் வீட்டுல உக்காருன்னு. அத எதுத்து பதினோரு வருசம் நின்னவன் நான், ரெண்டு தடவ உள்ள போனவன். எம் மகளுக்கு அதே பிரேக்கா? மூணு மாசம் அந்த ஊருல காத்தக் குடிச்சிக்கிட்டா இருப்பா?

என்ன சொல்றீங்க? எல்லாருக்கும் அப்பிடித்தானா? அமெரிக்காவுல அதுதான் வழக்கமா? உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஓ. காலேஜ்ல வாத்தியாரா இருக்கீங்க.

நெனைச்சேன். சொல்லிர்றேன், மறைக்க ஒண்ணுமில்ல. பஸ்ல பின்னாடி நாலு சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. நீங்க இங்கிலீஷ் புஸ்தகத்த வெச்சு பென்சில்ல கோடு போட்டுக்கிட்டிருந்தீங்க. அதப் பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

அன்னைக்கி அந்தக் கடையிலயே உக்காந்து தமிழ்ல எழுதினேன். அஞ்சு அம்சக் கோரிக்கை. பன்னெண்டு மாசச் சம்பளம், முழு வைத்தியச் செலவு, போக வர டிக்கெட்டு, அப்பிடி. நாகராஜ் அத போன்ல போட்டு இங்கிலீஷா மாத்தி, அவ மெயில்ல அடிச்சான். கீழ அவ பேரு. நகல் துணைவேந்தருக்கு, நகல் இந்தியத் தூதரகத்துக்கு. அண்ணே, ஷோபனாகிட்ட ஒரு வார்த்த கேட்டுரலாமான்னான். மொத ஆஃபருக்கு சரின்னு சொன்னா காலம் பூரா அந்த வெலைதான்டா, அனுப்புன்னேன். கடைசி வரி எப்பவும் போடுற வரிதான். இருபத்தி நாலு மணி நேரத்துல கோரிக்கைய ஏத்துக்காட்டி இந்த ஆஃபர நிராகரிச்சதா எடுத்துக்கலாம். முப்பது வருசமா அந்த வரியப் போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இருபத்தி மூணாவது மணியில ஜீப்பு அனுப்பிக் கூப்புட்டிருக்காங்க.

இவன் நாலே மணி நேரத்துல பதில் போட்டுட்டான்.

நேத்து சாயங்காலம் பிரின்ட் எடுத்தேன். நாகராஜ் போன்ல மாத்திப் பாக்கலாம்னான். வேணாம்னுட்டேன். மெஷினு மாத்தினத ஒருதடவ நம்புனதே போதும். இந்தாங்க. சட்டப் பையில வேர்வையில நனைஞ்சிருக்கு, பாத்துப் பிரிங்க. நானும் எழுத்துக் கூட்டிப் பாத்துட்டேன். ரொம்ப மரியாதையான லெட்டர் தம்பி. திட்டியிருந்தா பேச்சுவார்த்தைக்கு எடம் இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது வரியில ரெக்ரெட்டுன்னு இருக்கு. அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச சொல்லு, எனக்கு வந்த ஆபீசு லெட்டர் எல்லாத்துலயும் அதுதான் இருக்கும். வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு ஒண்ணு வருது. அது இவள அதுல போடுறேங்கிறானா, இல்ல அதுல இருந்த வேற யாருக்கோ எடத்தக் குடுத்துட்டேங்கிறானா, அதுதான் எனக்குப் புரியல.

அங்க இன்னும் பொழுது விடியல. கணக்குப் போட்டுப் பாத்தேன். அவனுக்குப் பதினஞ்சாந் தேதி இனிமேதான் ஆபீசு தொறக்கும். எழுதினது அவ இல்ல, அவ அப்பன்னு சொன்னா கேப்பானா? எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். மன்னிப்புக் கடிதம் நான் இதுவரைக்கும் எழுதினதில்ல, ஜெயிலர் கேட்டே எழுதல. இதுக்கு எழுதுறேன். நீங்க இங்கிலீஷ் பண்ணிக் குடுங்க.

அவளுக்கா? தெரியாது. கொழம்பு வெச்சிருக்கேன், சீக்கிரம் வாங்கப்பான்னு காலையில நான் பஸ் ஏறுறப்ப போன்ல சொன்னா.

போலீஸ் வண்டி முன்னாடி போயிருச்சு பாருங்க, கேட்டத் தொறந்துட்டான். இனி ரெண்டு மணி நேரம் காடு. ஜிர்காடாங் தாண்டினதும் இந்தப் போனு அடிக்கும், இந்தத் தடவ எடுத்தாகணும். அதுக்குள்ள படிச்சுச் சொல்லிருங்க தம்பி. மெதுவாவே படிங்க.